சம்பந்தியோடு பிணம் பார்க்கப் போன கதை

அயர்லாந்தில் நான் பார்த்த முதல் சுற்றுலாத் தலம் ஒரு பிணம். அதுவும் பல நூறு வருஷத்துப் பழைய பிணம். பக்கத்தில் என் சம்பந்தி ராஜலட்சுமி அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இதைப் பார்க்கவா டீச்சர் ப்ளைட் ஏறி வந்தோம்?" என்று கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அத்தனை காலத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நான் கீழ்வேளூர் பக்கத்துக்காரி. அரசு உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் ஒரே மகள் கயல்விழி டப்ளினில் நர்ஸ். மருமகன் செந்தில் அங்கேயே கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேரும் தஞ்சாவூரில் படிக்கும்போது பழகி, பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். செந்தில் எங்கள் ஊர்ப் பையன்தான். அவர்கள் வீடு மிராசு வீடு. எங்கள் தெருவே அவர்கள் வயலில் நடவும் அறுப்பும் பார்த்த தெரு. சாதியும் வேறு. கல்யாணத்துக்கு அவன் அம்மா வரவில்லை. பேரன் இனியன் பிறந்த பிறகுதான் மனசு இளகி, பார்க்க வருகிறேன் என்று சொன்னார். நான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்பே போயிருந்தேன். ஆக, கஜா புயலுக்கு முந்தின கோடையில் நாங்கள் இருவரும் முதல் தடவையாக ஒரே கூரையின் கீழ் இருந்தோம்.

அந்தச் சின்ன வீட்டுச் சமையலறையில் இரண்டு தாளிப்புக் கரண்டி, இரண்டு காபி பில்டர். அவர் சைவம், நான் எல்லாம் சாப்பிடுவேன் என்பது சொல்லிக்கொள்ள வசதியான காரணம். நான் வைத்த ரசத்தை அவர் தொட மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்லுவார். "இனியா, உங்க பாட்டி அடுப்பை அணைக்க மறந்துட்டாங்க" என்பார். நானும் அணைத்துவிட்டு, "இனியா, அணைச்சாச்சு" என்பேன்.

இதற்கு மேல் ஒரு தகராறும் இருந்தது. தை மாதம் ஊருக்கு வந்து பேரனுக்குக் காதுகுத்து வைப்பதாகப் பேச்சு. தங்கள் குலதெய்வம் கோயிலில், தங்கள் பங்காளிகளை மட்டும் வைத்து நடத்த வேண்டும் என்பது சம்பந்தியின் எண்ணம். டீச்சர் வீட்டுப் பக்கம் இன்னொரு நாள் தனியாக வைத்துக்கொள்ளட்டும் என்றார். அப்படியானால் ஊருக்கே வரவில்லை என்று கயல் சொல்லிவிட்டாள். செந்தில் பாவம், அம்மா பேசும்போது தரையையும் பெண்டாட்டி பேசும்போது கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் முறைப்பைப் பார்த்துச் சலித்துப்போன கயல்தான் இருவரையும் ஒரு வேனில் ஏற்றி நாலு நாளில் நாலு இடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். கோட்டை, மலை, கடல் என்று காட்டுவார்கள் என நினைத்திருக்கிறாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் வேனின் பக்கவாட்டில் மண்டை ஓடு வரைந்திருந்ததைக் கவனித்தேன். அது அயர்லாந்தின் விநோதங்களையும் விகாரங்களையும் மட்டும் காட்டும் வண்டி. ஜெர்மன்காரத் தம்பதி ஒன்று, கனடாவிலிருந்து வந்த நாலைந்து பெண்கள், நாங்கள் இருவர். டிரைவரும் வழிகாட்டியும் ஒரே ஆள். டெக்லன் என்று பெயர், செம்பட்டைத் தாடி. அவர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. மீதிப் பாதியைச் சம்பந்திக்குத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலையாயிற்று. அவருக்கு இங்கிலீஷ் வராது. என்னிடம் பேசாமல் இருக்க முடியாத நிலைமைக்கு அவர் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்த முதல் பிணம் டப்ளினில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது. தரையோடு பதித்த இரும்புக் கதவைத் திறந்து, செங்குத்தான படியில் இறங்க வேண்டும். சம்பந்திக்கு முட்டிவலி. விளையாட்டு டீச்சர் புத்தி, நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை. கீழே சவப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மரம் உளுத்துப் பிளந்து கிடந்தன. உள்ளே இருந்தவர்கள் மக்காமல் கருவாடு போலக் காய்ந்துவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புக் கல் சுவர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் இப்படி என்று அங்கிருந்தவர் விளக்கினார். எங்கள் பக்கத்து மண்ணில் தேக்குக் கட்டையே நாலு மழைக்குத் தாங்காது.

வெளியே வந்ததும் சம்பந்தி குளிக்க வேண்டும் என்றார். பிணம் பார்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றாமல் எப்படிச் சாப்பிடுவது என்பது அவர் கேள்வி. இதை டெக்லனுக்கு விளக்கினேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இன்று இன்னும் இரண்டு பிணம் பாக்கி இருக்கிறது, கடைசியில் சேர்த்துக் குளித்தால் ஆகாதா என்றார். அதை மொழிபெயர்த்தேன். சம்பந்தி கொஞ்சம் யோசித்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டு வேனில் ஏறினார்.

அந்த இன்னும் இரண்டு பேர் மியூசியத்தில் இருந்தார்கள். சதுப்பு நிலத்தில் கரி மண் வெட்டும்போது கிடைத்த உடல்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு, தோல் இன்னும் தோலாகவே இருக்கிறது. ஒருவனுக்கு முடிகூட அப்படியே இருந்தது. அதில் வெளிநாட்டிலிருந்து வந்த பிசினைத் தடவி உயரமாக வாரியிருக்கிறான் என்று எழுதி வைத்திருந்தார்கள். சம்பந்தி குனிந்து பார்த்தார். "எண்ணெய் வெச்சு வகிடு எடுத்துத்தான் செத்திருக்கான்" என்றார்.

இன்னொருவனுக்குத் தலையே இல்லை. நெஞ்சும் இரண்டு கைகளும் மட்டும். நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன, கையில் காய்ப்பு இல்லை. உடம்பு உழைத்துப் பிழைத்தவன் அல்ல, பெரிய இடத்து ஆள் என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் விளைச்சல் பொய்த்தால் ராஜாவைக் கொன்று ஊர் எல்லையில் போட்டுவிடுவார்கள் என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்களாம். நான் இதைச் சொன்னதும் சம்பந்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தங்கள் வீட்டு மாமனார் அந்தக் காலத்தில் பிறக்காததால் தப்பித்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை தங்கின விடுதியில் தட்டு நிறைய உணவு வந்தது. முட்டை, தக்காளி, காளான், வட்ட வட்டமாகக் கறுப்பாக ஏதோ ஒன்று. பன்றி ரத்தத்தில் தானியம் கலந்து செய்வது என்று பரிமாறிய பெண் சொன்னாள். எங்கள் தெருவில் ஆட்டு ரத்தத்தை வெங்காயம் போட்டுப் பொரிப்போம், அதற்கு இது தூரத்துச் சொந்தம். நான் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன். சம்பந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, கொண்டுவந்திருந்த அவலைத் தயிரில் ஊறவைத்துச் சாப்பிட்டார். பிறகு மெதுவாக, "நல்லா இருக்கா?" என்றார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன்.

அன்றைக்கு ஒரு தலை பார்த்தோம். பல நூற்றாண்டு முன்பு தூக்கிலிடப்பட்டு வெட்டுண்ட பேராயர் ஒருவரின் தலை. கண்ணாடிப் பெட்டிக்குள், நிறைய மெழுகுவத்தி நடுவில், தேவாலயத்தில் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒரு கிழவி அதன் முன் மண்டியிட்டுப் பேரனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். பிணம்தானே சம்பந்தி என்றேன். கும்பிடுகிற இடத்தில் கும்பிட வேண்டியதுதான் என்றார். அன்று தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளவில்லை.

பிறகு நீண்ட பயணம். ஒரு வளைவில் மாட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. டெக்லன் ஹாரன் அடிக்காமல் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுப் பாடினார். மாடுகள் நகர்ந்ததும் ஒரு நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி ஒரு முள்மரத்தைக் காட்டினார். இடுப்பைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஜனங்கள் அங்கே கூடுவார்கள், அதை வெட்டினால் சாலையில் சாவு விழும் என்று ஒருவர் எச்சரிக்க, சாலை போட்டவர்கள் அதை விட்டு ஒதுங்கிப் போட்டார்களாம். கனடாப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் புறவழிச்சாலைக்காகக் கதிர் விட்டு நின்ற சம்பா வயலில் அளவுக்கல் நட்டார்கள். நான் சம்பளத்தில் வாங்கின சின்னத் துண்டு நிலத்திலும் ஒரு கல், அவர்கள் வீட்டுப் பெரிய வயலிலும் நாலைந்து கல். இரண்டு வீட்டுக்காரர்களும் போராட்டத்துக்குப் போனோம். ஒரே பந்தல்தான். அவர்கள் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள், நாங்கள் பின்னால் தரையில் இருந்தோம். ஆட்சி மாறினால் கல்லைப் பிடுங்குவோம் என்று மைக்கில் சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கல்லுக்குப் பெயின்ட் அடித்தார்கள்.

"நம்ம வயல்ல இப்படி ஒரு முள்ளு இருந்திருக்கலாம்" என்றார் சம்பந்தி. நம்ம வயல் என்று அவர் சொன்னதைக் கவனித்தேன். பழக்கத்தில் வந்த சொல்லாகவும் இருக்கலாம்.

அதற்கு மறுநாள் மேற்கே ஒரு சின்ன ஊருக்குப் போனோம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். போகும் வழியில் ஒரு காட்சிக்கூடத்தில் கீல் வைத்த சவப்பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். அடிப்பலகை கதவு போலத் திறந்துகொள்ளும். பிணம் குழிக்குள் விழுந்ததும் பெட்டியை மேலே தூக்கி அடுத்த ஆளுக்கு எடுத்துப் போவார்கள்.

புதைத்த இடத்தில் பார்க்க எதுவும் இல்லை. சுற்றிலும் கல்லறைகள், நடுவில் ஒரு நடவு வயல் அளவுக்கு வெறும் புல்தரை. அதன் அடியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், யார் பெயரும் தெரியாது. டெக்லன் இங்கே வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. கிழங்கு அழுகிப்போனது, குத்தகை கட்ட முடியாதவர்களை வீட்டைவிட்டு இழுத்துப் போட்டுக் கூரையைப் பிரித்தார்கள் என்று சுருக்கமாகச் சொன்னார்.

அப்போது கிழங்கைத் தவிர வேறு எதுவுமே விளையவில்லையா என்று சம்பந்தி என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். விளைந்தது என்றார் டெக்லன். ஓட்ஸ், கோதுமை, வெண்ணெய், மாடு எல்லாம் இருந்தன. ஆனால் அதெல்லாம் நிலத்துக்காரர்களுக்குச் சேர வேண்டியது. வண்டி வண்டியாகத் துறைமுகத்துக்குப் போயிற்று, பசித்தவர்கள் மறித்துவிடாமல் சிப்பாய்கள் காவலுக்குப் போனார்கள் என்றார்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சம்பந்தி போய், புல்தரையின் அந்தக் கோடியில் ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். முட்டி வலிக்கிறது போல என்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

"டீச்சர், அறுப்பு நின்ன வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. எனக்குப் பத்து வயசு இருக்கும். புது ஆட்சி வந்து, ஊரெல்லாம் பிள்ளைகளுக்குச் செந்தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருந்த சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி எங்கள் தெரு ஆட்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டு, கதிர் முற்றி நிற்கிற வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றார்கள். என் அப்பா முன்வரிசையில் நின்றார். மிராசுகள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, போலீஸ் காவலோடு அறுத்தார்கள். அப்பாவையும் இன்னும் பலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சம்பந்தி தன் பக்கத்தைச் சொன்னார். அப்போதுதான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். வந்த ஆட்களுக்கும் போலீசுக்கும் அவர்கள் வீட்டில்தான் சமையல். புது மருமகள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்டா அண்டாவாகச் சோறு வடித்திருக்கிறார். மிஞ்சின சோறு மாட்டுத் தொட்டிக்குப் போகும். லாரி போனதை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். எதற்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாமனாரிடம் கேள்வி கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் ஆண்களுக்கே கிடையாது.

பிறகு கேட்டார். "உங்க தெருவுல அப்ப என்ன சாப்ட்டீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கட்சிக்காரர்கள் வருஷா வருஷம் அந்தப் போராட்டத்தைப் பேசுவார்கள். எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று பேசுவார்கள். என்ன சாப்பிட்டோம் என்று யாரும் கேட்கவில்லை. நான் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன். வயல் நத்தை, நண்டு, குளத்தில் மூழ்கிப் பறிக்கிற கொட்டிக்கிழங்கு, வாய்க்கால் ஓரத்துக் கீரை. அவை கிடைக்காத நாளில் கேழ்வரகைக் கரைத்த தண்ணீர். நான் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததற்கு அந்த நத்தைகள்தான் காரணம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதனால் மீதியையும் சொன்னேன். அப்பா உள்ளே இருக்கும்போது அம்மாவுக்குத் தம்பி பிறந்தான். தமிழ்ச்செல்வன் என்று பெயர் வைத்தோம். அம்மாவுக்குப் பால் வற்றிப்போயிற்று. அதிராம்பட்டினத்தில் என் சித்தி இருந்தார். சித்தப்பாவுக்கு அங்கே ஒரு ராவுத்தர் கருவாட்டு மண்டியில் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சித்தி வந்து, தை வரைக்கும் வைத்திருக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். தை வந்தது. அவன் சித்தியின் இடுப்பைவிட்டு இறங்காமல் அழுதான். அடுத்த தையும் வந்தது. அவன் அங்கேயே வளர்ந்து, மீன் லாரி ஓட்டி, கல்யாணம் செய்துகொண்டான். என் அம்மாவைக் கடைசிவரை பெரியம்மா என்றுதான் கூப்பிட்டான்.

சம்பந்தி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் அதை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அவர் சோறு வடித்ததற்கு அவரிடம் என்ன கோபப்பட முடியும்? சுவர் இடுக்கில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். பிறகு, தம்பிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு பெண்கள் என்றேன்.

எழுந்து வந்து பார்த்தால் வேனைக் காணோம்.

அதே கம்பெனியின் இன்னொரு வேனும் அங்கே வந்திருந்தது. இந்தியப் பெண்கள் இரண்டு பேர் அதில் ஏறிவிட்டார்கள் என்று யாரோ டெக்லனிடம் சொல்லியிருக்கிறார்கள். என் போன் வேனுக்குள் பையில் இருந்தது. சம்பந்தியிடம் போனே கிடையாது. மழை தூற ஆரம்பித்தது. நடந்தால் ஊர் வந்துவிடும் என்று சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு நீளமான கறுப்பு வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. பக்கமெல்லாம் கண்ணாடி. கறுப்புக் கோட்டுப் போட்ட குண்டான மனிதர் எட்டிப் பார்த்து, ஊருக்குள்தானே, ஏறுங்கள் என்றார். ஜெரி என்று பெயர் சொன்னார். பிண வண்டி. சர்ச்சில் சவப்பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறாராம். பின்னால் இப்போது யாரும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

சம்பந்தி ஏற மாட்டார் என்று நினைத்தேன். "கால் வலிக்குது, ஏறுங்க" என்று எனக்கு முன்னால் அவர்தான் ஏறினார். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து ஊருக்குள் போனோம். எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சம்பந்தி எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

ஜெரியின் கடை விநோதமானது. முன்பக்கம் மதுக்கடை, பின்பக்கம் சவப்பெட்டி விற்பனையும் இறுதிச் சடங்கு ஏற்பாடும். அந்த நாட்டுச் சிற்றூர்களில் இது சகஜமாம். நம் ஊரில் சாராயக் கடையை அரசாங்கமே நடத்துகிறது, பெட்டியை மட்டும் இன்னும் கையில் எடுக்கவில்லை. ஜெரி எங்கள் வேன் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டு, எங்களைக் கணப்புப் பக்கம் உட்காரவைத்தார். அவர் மனைவி பெரிய கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சூப்பும் கோதுமை ரொட்டியும் கொண்டுவந்தார். கோழி, மாடு எதுவும் இல்லை என்று நான் கேட்டுச் சொன்ன பிறகு சம்பந்தி கரண்டியை எடுத்தார். ஒரே கிண்ணம், இரண்டு கரண்டி. இன்னொரு கிண்ணம் கேட்கட்டுமா என்றேன். எதற்கு என்றார்.

ரொட்டியைப் பிட்டு என் பக்கம் ஒரு பாதியை வைத்ததைப் பார்த்த ஜெரியின் மனைவி, நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

சம்பந்தி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "ஆமான்னு சொல்லுங்க. மத்ததைச் சொல்லி முடிக்க இருட்டிடும்" என்றார்.

ஆமாம் என்று சொன்னேன்.

பக்கத்தில் பீர் குடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். நெல் விளைகிற ஊர் என்றேன். இந்த ஊரில் ஒரு பெரிய வீடு இருந்தது, சுற்றியிருந்த நிலம் முழுக்க அவர்களுடையது, ஒரு நாள் ஊர்க்காரர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அந்த வீட்டுப் பேரன் இப்போதும் கோடையில் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பானாம், நல்ல பையனாம். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் மொழிபெயர்த்தேன். கொளுத்தினவர்களின் பேரன்களும் இங்கேதான் குடிப்பார்களா என்று கேட்கச் சொன்னார் சம்பந்தி. கேட்டேன். கிழவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு டம்ளரைத் தூக்கினார்.

டெக்லன் முகம் சிவக்க ஓடிவந்தபோது சூப் காலியாகியிருந்தது. அவர் கேட்ட மன்னிப்புகளை நான் எண்ணவில்லை. ஜெரி கிளம்பும்போது கடையின் அட்டை ஒன்றைக் கொடுத்தார். எந்தத் தொழிலுக்கான அட்டை என்று அதில் இல்லை.

கடைசி நாள் ஒரு கோட்டையின் உச்சியில் முத்தக்கல். விளிம்பில் மல்லாக்கப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டுச் சுவர்க் கல்லுக்கு முத்தம் கொடுத்தால் பேச்சு வன்மை வருமாம். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். நான் போய்ப் படுத்து முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், கல் ஜில்லென்று இருந்தது. உலகம் முழுக்க வாய் வைத்த கல்லில் தான் வைக்க முடியாது என்று சம்பந்தி மறுத்துவிட்டார்.

டப்ளின் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். பெண்கள் கழிப்பறைக்கு நீளமான வரிசை. எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த சம்பந்தி திரும்பாமலே பேசினார்.

"காதுகுத்தை உங்க தெருவுலயே வெச்சுக்கலாம். நான் வர்றேன். எங்க பங்காளிங்க வருவாங்கன்னு சொல்ல முடியாது."

சரி என்றேன்.

"கயலுக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. புள்ளைய மடியில உட்கார வெக்க அவ தாய்மாமன் வரட்டும். உங்க தம்பியச் சொல்றேன்."

அதற்குள் வரிசை நகர்ந்து அவர் முறை வந்துவிட்டது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

தை மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டோம். சம்பந்தி செந்திலோடு காரில் வந்து தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார். அவருடைய கொழுந்தனார்கள் இருவரும் வரவில்லை. மூத்தவர் அதற்குப் பிறகு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எங்கள் தெருவிலும் முணுமுணுப்பு இருந்தது. அந்த வீட்டு அம்மா வருகிறாள் என்பதற்காக என் பெரியப்பா மகன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். அவன் அப்பாவும் அந்த லாரியில் போனவர். அவனைப் போய் நான் கூப்பிடவில்லை.

தம்பி அதிராம்பட்டினத்திலிருந்து மனைவி மக்களோடு, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். எதற்காகத் தன்னை இவ்வளவு வற்புறுத்திக் கூப்பிட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் சொல்லவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும் இனியன் அலறி, தம்பியின் கட்டைவிரலைக் கடித்துவிட்டான். தம்பி கையை எடுக்காமல் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பந்தியில் இலை போட்டதும் சம்பந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாத வாளியைத் தூக்கினார். பையன்கள் வாங்கப் போனார்கள், அவர் தரவில்லை. நான் சாம்பார் வாளியோடு பின்னால் போனேன். வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்து தம்பியின் இலை முன் நின்றார். இரண்டு அகப்பை போட்டார். தம்பி போதுங்க என்று இலைமேல் கையை நீட்டி மறைத்தான்.

"கையை எடுங்க" என்றார்.

எடுத்தான். இன்னும் ஒரு அகப்பை போட்டார், அதற்கு மேல் இன்னொன்றும் போட்டார். இவ்வளவு சாப்பிட முடியாதே என்று அவன் என்னைப் பார்த்தான். நான் அந்தச் சோற்றில் குழி பறித்துச் சாம்பாரை ஊற்றினேன்.